ரெண்டு பேர் வீட்டில் பருவக்காய்ச் சமையல் கட்டுப்படியாகுமா?

4 ஜனவரி 2025

திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்காரர் ஒருவர் கேட்டிருப்பது: "வீட்டில் நானும் என் மனைவியும்தான். அவியல் வைக்க ஏழு வகைக் காய் வாங்கினால் ஒவ்வொன்றிலும் முக்கால்வாசி மிஞ்சுகிறது. சொதி, கூட்டாஞ்சோறு எல்லாம் பந்திக்கு ஏற்பட்டவை. பருவத்துக் காயை வாங்கிச் சமையுங்கள் என்பதெல்லாம் ஆள்கட்டு உள்ள வீட்டுக்காரர்கள் பேச்சு. ரெண்டு பேருக்குத் திருநெல்வேலிச் சமையல் கட்டுப்படியாகாது. மறுப்பவர்கள் மறுக்கலாம்."

4 ஜனவரி, ராத்திரி

மறுக்கிறேன். எங்கள் வீட்டிலும் ரெண்டே பேர், நானும் அம்மாவும். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை, பிரஷர் மாத்திரை உண்டு. எனக்குக் காலையில் எட்டரைக்கு பஸ். இந்த வீட்டிலேயே நடக்கிறது, உங்கள் வீட்டில் நடக்காதா?

அவியலையும் சொதியையும் வைத்து நம் ஊர்ச் சமையலை எடை போடாதீர்கள். தேங்காய்ப்பால் விட்டு வைக்கிற சொதி மறுவீட்டுச் சாப்பாடு. மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்தால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு என்று போகும், அது வேறு கணக்கு. ஆச்சி வீட்டில் வீடு நிறைய ஆள் இருந்தபோதும் சாதாரண நாளில் ஒரு குழம்பு, துவரன் என்கிற தேங்காய்ப் பொரியல் ஒன்று, மோர், அவ்வளவுதான். மழை நாளில் பருப்புத் துவையலும் புளித்தண்ணியும். இதில் எது ரெண்டு பேருக்கு ஒத்துவராது?

5 ஜனவரி

"துவையலைத் தின்றே காலத்தை ஓட்டச் சொல்கிறீர்களா" என்று வண்ணார்பேட்டை அண்ணாச்சி சூடாகிவிட்டார். இல்லை அண்ணாச்சி. கோளாறு சமைப்பதில் இல்லை, வாங்குவதில் இருக்கிறது என்கிறேன்.

ஏழு காயைக் கால் கால் கிலோ வாங்கினாலே ஒன்றே முக்கால் கிலோ. ரெண்டு பேருக்கு ஒரு நேரத்துக்கு அரைக் கிலோ காய் தாராளம். அப்புறம் மிஞ்சாமல் என்ன செய்யும்? நான் ஒரு தடவை சந்தைக்குப் போனால் ஒரு நாட்டுக்காய், ஒரு கீரை, ஒரு கிழங்கு, இவ்வளவோடு திரும்பிவிடுவேன். அந்த வாரம் எது குவிந்து கிடக்கிறதோ அது. வாங்கியதையே மூன்று நாளைக்கு மூன்று விதமாக வைப்பது. பருவம் எது என்று பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம், நாலு கடையில் ஒரே காய் மலைபோலக் கிடந்து விலையும் இறங்கியிருந்தால் அதுதான் பருவம்.

மகாராஜநகர் உழவர் சந்தையில் கால் கிலோ கேட்டால் முகம் சுளிக்காமல் நிறுத்துப் போடுகிறார்கள். வெளியே சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமாரிடம் கூறு கட்டி வைத்திருக்கும். ஒரு கூறு ரெண்டு பேருக்குச் சரியாக இருக்கும், எடைகூடப் பார்க்க வேண்டாம். நயினார்குளம் மொத்த மார்க்கெட் பக்கம் மட்டும் நம்மை மாதிரி ஆட்கள் தலைவைத்துப் படுக்கக் கூடாது. மலிவு என்று ஐந்து கிலோ கத்தரிக்காயோடு வீட்டுக்கு வந்து, அப்புறம் அக்கம்பக்கத்துக்கெல்லாம் தர்மம் பண்ண வேண்டும்.

கேரட், பீன்ஸ், கோஸ் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இங்கிலீஷ் காய்க்கு இந்தக் கணக்கு இல்லை. அது மலையிலிருந்து வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

6 ஜனவரி

இப்போது என்ன வாங்கலாம் என்ற களக்காட்டு மதினிக்கு: சிறுகிழங்கு. மார்கழியில் தலைகாட்டும், தை முழுக்கக் கிடைக்கும், மாசியோடு சரி. வருஷத்தில் மற்ற நாளில் பணம் கொடுத்தாலும் லேசில் கிடைக்காத சாமான் இது.

சுத்தம் பண்ணத்தான் எல்லோருக்கும் பயம். கோணிச்சாக்கில் போட்டு வாயை முறுக்கிப் பிடித்துத் தரையில் அடித்து உருட்டுவது பழைய முறை. படிக்கணக்கில் வாங்கிய வீட்டுக்கு அது சரி. அரைக் கிலோவுக்குச் சாக்கு எதற்கு? அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். கண்களில் ஒட்டிய மண் இளகிவிடும். கரடான துணிப்பையில் போட்டுத் தண்ணீருக்குள்ளேயே கசக்கினால் முக்கால்வாசித் தோல் போய்விடும். மீதியைக் கத்தி முனையால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். உரித்ததை உடனே தண்ணீரில் போடாவிட்டால் கறுக்கும். விரல் நுனியும் நகக்கண்ணும் எப்படியும் கறுக்கும், எவ்வளவு தேய்த்தாலும் லேசில் போகாது. எங்கள் ஆபீசில் ஜனவரி மாதம் யார் கை கறுத்திருக்கிறது என்று பார்த்தே யார் வீட்டில் என்ன கறி என்று சொல்லிவிடலாம்.

முதல் நாள் பொரியல்: உப்புப் போட்டு வேகவைத்து, சின்ன உள்ளி, சீரகம், மிளகாய் வத்தல், தேங்காய் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டுப் புரட்டுவது. மறுநாள் புளிக்குழம்பில் கொஞ்சம். மூன்றாம் நாள் அம்மாவுக்காகக் குழைய வேகவைத்து மசித்து, நல்லமிளகு பொடித்துப் போட்டு. சமைக்கப் போவதை மட்டும் கழுவுங்கள். மீதி மண்ணோடு ஒரு கூடையில் காற்றாடக் கிடக்கட்டும், வாரம் தாங்கும்.

11 ஜனவரி

தென்காசிக்காரர் எழுதியது யோசிக்க வைத்தது: "எனக்குக் காய் மிஞ்சுவதில்லை. தேங்காய்தான் மிஞ்சுகிறது." உண்மை. நம் சமையலில் தேங்காய் இல்லாமல் எது நடக்கிறது? முதலில் நான் எழுதியதைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. ரெண்டு பேர் வீட்டில் நாளைக்கு என்ன கறி என்பதைக் காயைவிட, உடைத்து வைத்த தேங்காய்தான் தீர்மானிக்கிறது. இப்போது விற்கிற விலையில் அதைக் கெடவிடவும் மனசு வராது.

எங்கள் வீட்டு முறை இது. கண் உள்ள மூடி முதலில் கெடும், அதனால் உடைத்த அன்றைக்கே அது செலவாக வேண்டும். பால் எடுப்பதோ, பச்சையாக அரைத்துவிடுவதோ அன்றைக்குத்தான். மறுநாள் இன்னொரு மூடியில் பாதி துருவித் துவரனுக்கு. மிச்சம் மூன்றாம் நாள் வறுத்து அரைக்கும் குழம்புக்கோ துவையலுக்கோ. லேசாக வாசம் மாறிய தேங்காய்கூட வறுபட்டால் தெரியாது, ஆனால் வழுவழுப்புத் தட்டியிருந்தால் தூரப் போட்டுவிடுங்கள். பச்சை, துவரன், வறுவல் என்ற இந்த வரிசையை மாற்றிப்போட்டால்தான் தேங்காய் வீணாகிறது.

அப்படியானால் சொதியும் ரெண்டு பேருக்கு முடியும், பந்திக்கு என்று நான் ஒதுக்கியிருக்க வேண்டியதில்லை. பெரிய காயாக இருந்தால் ஒரு மூடி போதும். துருவி வெந்நீர் கொஞ்சம் விட்டு அடித்துப் பிழிந்தால் முதல் பால் அரை டம்ளர் தேறும், அதைத் தனியே வைத்துவிட்டுச் சக்கையில் இன்னும் ரெண்டு தடவை பிழிய வேண்டும். பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி வறுத்து வேகவைத்துக்கொள்ளுங்கள். காய் மூன்றாம் பாலில் வேகட்டும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துச் சேர்த்து, பருப்பும் ரெண்டாம் பாலும் விட்டு ஒரு கொதி. முதல் பால் விட்டபின் கொதிக்கவே கூடாது, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாறு சூடு அடங்கியபிறகுதான். காய் ஐந்து வகை வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் மட்டும் போட்டு வைத்தேன். அம்மா இலையில் மிச்சம் வைக்கவில்லை. "ஏட்டி, பருப்பு கொஞ்சம் முன்னே நிக்குது" என்று மட்டும் சொன்னாள்.

15 ஜனவரி

பொங்கல் அன்றைக்கு ரெண்டு பேர் வீட்டிலும் எல்லாக் கிழங்கும் எல்லாக் காயும் வைத்தே தீர வேண்டும், அதற்கு விதிவிலக்கு கிடையாது. மிஞ்சியதற்குத்தான் சுண்டக்கறி இருக்கிறதே. நேற்றைய சாம்பார், பொரியல் எல்லாம் ஒரே மண்சட்டியில், அடுப்பைத் தணித்து, கரண்டியில் ஒட்டி நிற்கும்வரை. பழையதுக்கு அதைவிட வேறு வெஞ்சனம் உண்டா? சொதி மிஞ்சினால் அதில் சேர்க்காதீர்கள், தேங்காய்ப்பால் சுண்டினால் எண்ணெய் கக்கும்.

பனங்கிழங்கு கட்டாகத்தான் கிடைக்கிறது, என்ன செய்வது என்று கேட்டவருக்கு: மஞ்சளும் உப்பும் போட்டு மொத்தமாக அவித்துவிடுங்கள். தின்றது போக மீதியை நார் உரித்து, சின்னதாக நறுக்கி, பூண்டு, பச்சை மிளகாய், தேங்காய், உப்பு வைத்து இடித்தால் அம்மாவைப் போன்ற பல்லில்லாதவர்களும் சாப்பிடலாம்.

16 ஜனவரி

அவியலுக்குத் தயிரா, புளியா, மாங்காயா என்ற சண்டையை இங்கே இழுக்காதீர்கள். மாங்காய் உள்ள மாதத்தில் மாங்காய், இல்லாத மாதத்தில் தயிர். அம்மாவிடம் கேட்டால் புளித்தண்ணீர் ஒரு கரண்டி என்பாள். நாகர்கோவில்காரர்கள் பேச வேண்டாம்.

2 பிப்ரவரி

கரிசல் பக்கம், சங்கரன்கோவில், கோவில்பட்டி வட்டாரத்தில் வடகிழக்கு மழையை நம்பி விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் களத்துக்கு வந்துவிட்டன. பருவம் என்றால் காய்க்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம், பருப்புக்கும் உண்டு. புது உளுந்தின் வாசம் மூன்று மாதம் போனால் இருக்காது.

ரெண்டு பேர் வீட்டுக்கென்றே ஏற்பட்டது உளுந்தஞ்சோறு. ஒரு பாத்திரம், காய் நறுக்க வேண்டாம். ஒரு ஆழாக்கு அரிசிக்கு அரை ஆழாக்குத் தொலி உளுந்து, அதாவது கறுப்புத் தோலோடு உள்ளது. உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துக் கழுவி, அரிசி, பூண்டு ஒரு முழுக் கட்டி, வெந்தயம் கொஞ்சம், சீரகம், தேங்காய்த் துருவல், உப்பு. தண்ணீர் நாலரை ஆழாக்கு. குக்கரில் நாலு விசில். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், நல்லெண்ணெய் ஒரு கரண்டி. அரிசி சன்னமாக இருந்தால் எடுபடாது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட அம்பை 16 மாதிரிக் குட்டை மோட்டா ரகம் போடுங்கள், உளுந்தோடு சேர்ந்து குழையும். கூட்டாஞ்சோற்றுக்கும் அதுவேதான்.

3 பிப்ரவரி

வெள்ளை உளுந்தில் வைக்கலாமா என்கிறார்கள். வைக்கலாம். என்னைக் கூப்பிட வேண்டாம்.

19 ஏப்ரல்

மாங்காய் கூறு கட்டி வந்துவிட்டது. இந்த ரெண்டு மாதமும் எங்கள் வீட்டுப் புளிப்பானைக்கு லீவு. பருப்பில் ரெண்டு கீற்று, கூட்டாஞ்சோற்றில் நாலு கீற்று, முருங்கைக்கீரையோடு சேர்த்து ஒரு குழம்பு. முருங்கைக்காயும் இப்போதுதான் சல்லிசு. ஒரு கிளிமூக்கு மாங்காய் ரெண்டு பேருக்கு மூன்று நாள் வரும். வெட்டிய பாதியைக் கொட்டையோடு வைத்தால் சீக்கிரம் வாடுவதில்லை.

மீன் பற்றி யாரும் பேசவில்லையே என்று மேலப்பாளையத்து அக்கா கோபித்திருக்கிறார். பேசுவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அதனால் பெரிய மீன் விலை ஏறும். உவரி, கூத்தங்குழிப் பக்கம் வள்ளத்தில் பிடித்து வரும் சாளையும் நெத்திலியும் கிடைத்தால் அதுவே ரெண்டு பேருக்குப் போதும், பெரிய மீன் வாங்கித் துண்டு போடுகிற வேலை இல்லை. மாங்காய் போட்டுத் தேங்காய் அரைத்த சாளைக் குழம்பு, சட்டியோடு மறுநாள் வைத்துச் சாப்பிட்டால் இன்னும் ருசி. அம்மாவுக்கு முள் பயம், அதனால் அவளுக்கு நெத்திலியை நடுமுள் உருவிப் போடுவேன்.

10 மே

வத்தல் போடும் காலம். மொட்டைமாடி இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேள்வி. எங்களுக்கும் மாடி கிடையாது. மேற்கே பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு, கத்திரி வெயில் மத்தியானத்திலிருந்து ஐந்து மணி வரை அதில் அடிக்கும். ஒரு தாம்பாளம் கொள்ளுகிற அளவுதான் போடுகிறேன். மோர் மிளகாய் கால் கிலோ: கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயில், ராத்திரி திரும்ப அதே மோர், மோர் வற்றும்வரை. சீனியவரைக்காயை, அதாவது கொத்தவரங்காயை, உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு வடித்துக் காயப் போடுவது. மழைக்காலத்தில் ரெண்டு பேருக்கு இது ஏகம். மிதுக்க வத்தல், சுண்டை வத்தல் எல்லாம் கடையில் நூறு கிராம் வாங்கிக்கொள்ளலாம், அதற்கெல்லாம் ஜன்னல் போதாது.

முன்பு பெரிய வீட்டில் பாய் விரித்துப் போட்டு, காக்கை விரட்ட ஒரு பிள்ளையை உட்கார வைப்பார்கள். பாதி வத்தல் அந்தப் பிள்ளை வாயில் போகும். அந்தப் பிள்ளை நான்.

1 ஜூன்

களக்காட்டு மதினி தகவல்: காற்றில் வாழை சாய்ந்து தோட்டத்துக்காரர்கள் தலையில் கைவைத்திருக்கிறார்கள், சந்தையில் முற்றாத காய் அள்ளிக் கொட்டுகிறது. மலிவு நமக்கு, நஷ்டம் அவர்களுக்கு. பேரம் பேசாமல் வாங்குங்கள்.

வாழைப்பூ ஒன்று ரெண்டு பேருக்கு அதிகம் என்பவர்கள் முழுப்பூவையும் ஒரே நாளில் ஆயாதீர்கள். மேல் அடுக்குகள் இன்றைக்குத் துவரனுக்கு, பருப்புப் போட்டு. நடுவில் இருக்கும் வெள்ளைக் குருத்தை மடலோடு அப்படியே வைத்தால் மறுநாள் துவையலுக்கு ஆகும். பூவுக்குள்ளே வேகாத நரம்பாக நிற்கும் கள்ளன் எடுக்கிற வேலையும் பாதியாகக் குறையும்.

12 ஜூலை

ஆனித் தேர் ஓடி நிலைக்கு வந்தாயிற்று. குற்றாலத்தில் சாரல், இங்கே அதன் காற்று மட்டும். தென்காசிக்காரர் படம் போட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறார், ரம்புட்டானும் மங்குஸ்தானுமாக. எங்களுக்கு அங்கிருந்து வேண்டியது பலாக்கொட்டைதான். சுளை விற்கிறவரிடம் கேட்டால் ஒரு பை நிறையச் சும்மாவே தருவார். சுட்டுத் தின்னலாம், சாம்பாரில் போடலாம், முருங்கைக்கீரையோடு சேர்த்துப் பொரியல் பண்ணலாம். ஈரமாக இருக்கும்போது மேல்தோல் வழுக்கிக்கொண்டு உரிய வராது. நிழலில் ரெண்டு நாள் உலர்த்தினால் சலசலவென்று விடும், உள்ளே இருக்கும் பழுப்புத் தோலைப் போக்க மெனக்கெட வேண்டாம். வாய்வு என்று அம்மாவுக்கு ரெண்டே கொட்டை, அதுவும் பூண்டு தட்டிப் போட்டு.

14 ஜூலை

வண்ணார்பேட்டை அண்ணாச்சி நீண்ட நாளைக்குப் பிறகு வந்திருக்கிறார். மனைவி மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டாராம், இப்போது வீட்டில் ஒரே ஆள். "ஒரு ஆளுக்குக் கூறும் அதிகம்" என்கிறார். அண்ணாச்சி, பக்கத்து வீட்டில் யாராவது தனியாக இருப்பார்கள், கூறைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் காம்பவுண்டில் வாழைத்தண்டு எப்போதும் அப்படித்தான், மூன்று வீட்டுக்கு ஒரு தண்டு. இல்லாவிட்டால் தோசைமாவும் புளிமிளகாயும் போதும்: பச்சை மிளகாயைக் கீறி நல்லெண்ணெயில் வதக்கி, புளி கரைத்து விட்டு, கருப்பட்டி ஒரு துண்டு போட்டுச் சுண்டவிடுவது. பிரசவத்துக்குப் போனவர் திரும்பி வரும்வரை தாங்கும்.

26 அக்டோபர்

மழை பிடித்துக்கொண்டது. முருங்கை பூ உதிர்த்துவிட்டதால் காய் அருகிவிட்டது. இனி மார்கழி வரை அதைத் தேடி அலையாதீர்கள், தடியங்காய் என்கிற வெண்பூசணி ஒரு கீற்று வாங்கினால் சாம்பாருக்கும் கூட்டுக்கும் ஆகும். கீரை வகையாக வருகிறது. இலைக்கு அடியில் மண்ணும் பூச்சியும் இருக்கும், மூன்று தண்ணீர் அலசாமல் விடாதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவைத்த தொலி உளுந்தில் வண்டு விழுகிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஈரக் காற்றில் அப்படித்தான். வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டி, நன்றாக ஆறவிட்டு, மிளகாய் வத்தல் நாலைக் காம்போடு போட்டு இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். இனி தை வரை கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.